பழைய டிஸ்க்கிலிருந்து புதிய நாஸுக்கு: சேலம், ஏற்காடு வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

புதிய நாஸ் பெட்டி வீட்டுக்கு வந்ததும் கை சும்மா இருக்காது. பழைய டிஸ்க்குகளைக் கழற்றிப் புதியதில் செருகி, பவரைப் போட்டுப் பார்ப்போமே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இந்த வேலையில் தரவு தொலைகிற நேரம் ஒன்று இருக்கிறது. பழையதைக் கலைத்துவிட்டோம், புதியது இன்னும் ஒழுங்காக ஓடவில்லை என்கிற அந்த இடைவெளிதான் அது. கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு படியும் அந்த இடைவெளி வராமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான். எந்த நிமிடத்திலும் உங்கள் படங்களும் கணக்குகளும் குறைந்தது இரண்டு தனித்தனி இடங்களில் இருக்க வேண்டும்.

நாஸ் என்றால் ரவுட்டரோடு லேன் கேபிளில் இணைத்து வைக்கும் சேமிப்புப் பெட்டி. உள்ளே ஒன்றோ, இரண்டோ, நான்கோ ஹார்டு டிஸ்க் இருக்கும். வீட்டிலுள்ள கணினி, போன், டிவி எல்லாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், அதிலேயே போட்டு வைக்கலாம். அவ்வளவுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே பேசி முடித்துவிடலாம். "எல்லாம் ரெய்டுல இருக்குதுங்க, தனியா பேக்கப் எதுக்குங்க?" என்று பலர் கேட்பார்கள். ரெய்டு 1 என்றால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு. ஒன்று செத்தால் மற்றது காப்பாற்றும், உண்மைதான். ஆனால் நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் அந்த நொடியே இரண்டிலிருந்தும் அழியும். வைரஸ் வந்து பூட்டினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். இடி விழுந்தால் பெட்டியோடு இரண்டும் போகும். ரெய்டு ஒரு டிஸ்க் பழுதானாலும் வேலை நிற்காமல் ஓடுவதற்கு. பேக்கப் வேறு விஷயம்.

முதல் வேலை: என்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது

ஒரு தாளில் எழுதுங்கள். பழைய நாஸில் எந்தெந்த ஃபோல்டர், ஒவ்வொன்றும் எத்தனை ஜிபி, உள்ளே எத்தனை ஃபைல். அலமாரியில் தூங்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளையும் எடுத்து இதே கணக்கில் சேருங்கள். இந்தத் தாள் பிறகு சரிபார்க்கும்போது தேவைப்படும். 4 டெராபைட் என்று அட்டையில் போட்டிருக்கும் டிஸ்க் விண்டோஸில் 3.63 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

அடுத்து டிஸ்க்கின் உடல்நிலை. ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னைப் பற்றிக் குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையை நாஸின் டிஸ்க் பக்கத்திலேயே பார்க்கலாம். விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும். நிறைய எண்கள் வரும், எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. மூன்றைப் பாருங்கள். 5-ஆம் எண், கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட செக்டார்கள், அதாவது டிஸ்க்கில் தரவு எழுதும் சின்னக் கட்டங்கள். 197, படிக்க முடியாமல் தீர்மானத்துக்குக் காத்திருக்கும் செக்டார்கள். 198, சரிசெய்ய முடியாதவை. மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. 197-இல் எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கில் வேறு எந்தச் சோதனையும் ஓட்டாமல், மிக முக்கியமான ஃபோல்டரிலிருந்து காப்பியைத் தொடங்கிவிடுங்கள். 199 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள் கோளாறுதான், டிஸ்க் மேல் பழி போட வேண்டாம்.

டிஸ்க்கைக் கழற்றி மாட்டலாமா, காப்பி எடுக்க வேண்டுமா

இதுதான் புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம். பதில் பழைய பெட்டியும் புதிய பெட்டியும் என்னென்ன என்பதைப் பொறுத்தது.

இரண்டுமே சினாலஜி நிறுவனத்தின் நாஸ் என்றால், பல மாடல்களுக்கு இடையே டிஸ்க்குகளை அப்படியே மாற்றிப் போட முடியும். பழையதில் மென்பொருளை அண்மைப் பதிப்புக்குக் கொண்டுவந்து, இரண்டையும் முறையாக அணைத்து, டிஸ்க்குகளைக் கழற்றி, அதே வரிசையில் புதியதில் போட வேண்டும். முதல் ஸ்லாட்டில் இருந்தது முதலில், இரண்டாவதில் இருந்தது இரண்டாவதில். கழற்றும் முன்பே ஒவ்வொன்றின் மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதிவிடுங்கள். புதிய பெட்டி விழித்ததும் இது வேறு பெட்டியிலிருந்து வந்த டிஸ்க் என்று கண்டுகொண்டு, தரவை வைத்துக்கொண்டே மாற வழி காட்டும். அப்படிக் காட்டாமல் "எல்லாம் அழிக்கப்படும்" என்று கேட்டால், சரி என்று அழுத்தாதீர்கள். அணைத்துவிட்டு, எந்த மாடலிலிருந்து எந்த மாடலுக்கு மாறலாம் என்று அந்த நிறுவனம் தரும் பட்டியலைப் பாருங்கள். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் கோப்பு முறையும் பொருந்த வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையில் இருந்த டிஸ்க்கை, அதை ஆதரிக்காத சின்ன மாடலில் போட முடியாது. பழையது ஈஎக்ஸ்டி4 என்ற இன்னொரு முறை என்றால் மாறிய பிறகும் ஈஎக்ஸ்டி4-தான்.

க்யூநாப் நிறுவனத்தின் நாஸிலும் இதே போலப் பெட்டிக்குப் பெட்டி மாற்றம் உண்டு. ஆனால் அவர்களின் சாதாரண இயங்குதளமான க்யூடிஎஸ்ஸிலிருந்து, இசட்எஃப்எஸ் கோப்பு முறை கொண்ட க்யூடிஎஸ் ஹீரோவுக்கு டிஸ்க்கை அப்படியே கொண்டுபோக முடியாது, புதிதாக அமைத்தாக வேண்டும்.

ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறீர்கள் என்றால், டிஸ்க்கைக் கழற்றிப் போடும் யோசனையை மறந்துவிடுங்கள். புதிய பெட்டி முதலில் ஃபார்மேட் செய்யும். எக்ஸ்டர்னலாக இருந்ததை உறை பிரித்து உள்ளே போட நினைப்பவர்களுக்கும் இதே கதைதான்.

என் கருத்தைக் கேட்டால், கழற்றி மாட்ட முடிகிற இடத்திலும் காப்பிதான் நல்லது. புதிய பெட்டிக்குப் புதிய டிஸ்க் வாங்கி, பழையதைத் தொடாமல் வைத்து, லேன் வழியாகக் காப்பி எடுங்கள். செலவு கூடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏதாவது தவறினால் பழைய பெட்டி அப்படியே உட்கார்ந்திருக்கும். புதிய டிஸ்க் வாங்கக் கையில் காசு இல்லை, கழற்றித்தான் மாட்ட வேண்டும் என்றால், குறைந்தபட்சம் ஒரு எக்ஸ்டர்னலில் எல்லாவற்றையும் காப்பி எடுத்து, அதிலிருந்து நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்த பிறகே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுங்கள்.

சிலர் ஒரு குறுக்குவழி சொல்வார்கள். பழைய ரெய்டு 1-இலிருந்து ஒரு டிஸ்க்கை உருவிப் புதிய பெட்டியில் போட்டு, மிச்சமுள்ள ஒன்றிலிருந்து காப்பி எடு என்பார்கள். தரவு ஒரே ஒரு வயதான டிஸ்க்கில் நிற்கும்போது, அதை விடிய விடிய ஓட்டும் யோசனை இது. வேண்டாம்.

புதிய டிஸ்க் வாங்கும்போது

ஒரே ஒரு எச்சரிக்கை. எஸ்எம்ஆர், சிஎம்ஆர் என்று இரண்டு வகை உண்டு. எஸ்எம்ஆரில் தரவுத் தடங்கள் கூரை ஓடு போல ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒன்றைத் திருத்த அடுத்ததையும் எழுத வேண்டிவரும். சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். செத்த டிஸ்க்குக்குப் பதில் புதியதைப் போட்டு ரெய்டை மறுபடி கட்டுவது போன்ற நீண்ட எழுத்து வேலையில் எஸ்எம்ஆர் திணறிவிடும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்து பெரிய சர்ச்சை ஆனது. அதன் பிறகு சிஎம்ஆர் டிஸ்க்குகள் ரெட் பிளஸ் என்ற பெயரில் வருகின்றன. சீகேட்டில் ஐயன்வுல்ஃப் வரிசை சிஎம்ஆர். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றாலும் மாடல் எண்ணை நிறுவனத்தின் பக்கத்தில் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். புதிய பெட்டியின் பொருத்தப் பட்டியலிலும் அந்த மாடல் இருக்கட்டும்.

புதிய டிஸ்க்குகளைப் பெட்டியில் போட்டதும் தரவை ஏற்றாதீர்கள். முதலில் நீண்ட ஸ்மார்ட் சோதனையை ஓட விடுங்கள். பல மணி நேரம் பிடிக்கும், இரவில் விட்டுவிடலாம். பிறக்கும்போதே கோளாறோடு வந்த டிஸ்க் கடைக்காரர் மாற்றித் தரும் காலத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

கரண்ட்

எத்தனை மணிக்குத் தொடங்குவது என்பது சேலத்தில் சாதாரணக் கேள்வி இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தப் பகுதிக்கு எந்த நாள் என்று நாளிதழில் வந்துவிடும். அம்மாபேட்டையா, அஸ்தம்பட்டியா, சூரமங்கலமா, உங்கள் பகுதி அடுத்த நாள் பட்டியலில் இருந்தால் அன்றிரவு பெரிய காப்பியைத் தொடங்காதீர்கள்.

வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். சாதாரண முறையில் இருக்கும் இன்வர்ட்டர், கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரத்தில் கணினியும் நாஸும் அணைந்து எழலாம். யூபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் பின்னால் இருந்தால் அதில் வையுங்கள், மாறும் நேரம் குறையும். ஆனாலும் பேட்டரி தீரப்போகிறது என்று இன்வர்ட்டர் நாஸிடம் சொல்லாது. தீரும் நொடியில் நாஸ் சட்டென்று விழும். யூஎஸ்பி கேபிள் உள்ள சின்ன யூபிஎஸ் ஒன்றை நாஸோடு இணைத்தால், பேட்டரி குறையும்போது நாஸ் தானாகவே எழுதியதை முடித்துவிட்டு முறையாக அணையும்.

ஏற்காட்டில் இதோடு இடியும் சேரும். கோடை மழை நேரத்தில் சேர்வராயன் மலையில் மதியத்துக்கு மேல் வானம் கருத்தால் நாஸை அணைத்து, பவர் பிளக்கோடு லேன் கேபிளையும் உருவி வைப்பது நல்லது. தோட்ட பங்களாவிலிருந்து குடோனுக்கு வெட்டவெளியில் செம்பு லேன் கேபிள் இழுத்திருப்பவர்கள் கவனியுங்கள். மின்னலின் அதிர்வு அந்தக் கம்பி வழியாகவே உள்ளே வரும். இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஃபைபர் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

காப்பி எடுப்பது

வைஃபையில் வேண்டாம். பழையது, புதியது, கணினி மூன்றும் கேபிளில் இருக்கட்டும். கிகாபிட் இணைப்பில் நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி அளவு போகும். 4 டெராபைட்டுக்குப் பத்து மணி நேரம். அதுவே 100 மெகாபிட்டில் போனால் நொடிக்கு 11 எம்பி, நான்கு நாளைத் தாண்டிவிடும். இந்த வித்தியாசம் வருவது பெரும்பாலும் அற்பக் காரணத்தால். கிகாபிட்டுக்கு கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் கீழே இறங்கிவிடும். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியில் ஒரே ஒரு போர்ட் மட்டும் கிகாபிட்டாக இருப்பதும் உண்டு. ஒரு கிகாபிட் சுவிட்ச் வாங்கி எல்லாவற்றையும் அதில் செருகிவிட்டால் முடிந்தது. சின்னச் சின்ன ஃபைல்கள் லட்சக்கணக்கில் இருந்தால் வேகம் இதைவிடக் குறையும், அதற்குக் கேபிளைத் திட்ட வேண்டாம்.

எக்ஸ்டர்னல் டிஸ்க் என்றால் நாஸின் யூஎஸ்பி போர்ட்டிலேயே நேராகச் செருகலாம். நீல நிறத்தில் இருப்பது பெரும்பாலும் வேகமான போர்ட்.

கட் செய்து பேஸ்ட் செய்யவே கூடாது. காப்பி மட்டும்தான். இழுத்துப் போடுவதும் சின்ன ஃபோல்டருக்குச் சரி, பெரியதற்கு நடுவில் நின்றால் எது போனது எது போகவில்லை என்று தெரியாது. விண்டோஸில் ரோபோகாப்பி என்ற காப்பிக் கட்டளை ஏற்கெனவே இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து தொடரும், தேதிகளைக் காப்பாற்றும், என்னென்ன தவறியது என்று பதிவும் எழுதும். அதில் மிரர் என்ற ஆப்ஷனை மட்டும் புதியவர்கள் தொட வேண்டாம். மூலத்தில் இல்லாததை இலக்கில் அழித்துவிடும். மூலமும் இலக்கும் இடம் மாறி எழுதப்பட்டால் வெறும் ஃபோல்டரைப் பார்த்து முழு ஃபோல்டரைக் காலி செய்யும். லினக்ஸும் மேக்கும் வைத்திருப்பவர்களுக்கு ஆர்சிங்க் என்ற காப்பிக் கட்டளை. முதலில் ஒத்திகை ஆப்ஷனோடு ஓட்டுங்கள், என்ன செய்யப்போகிறது என்று காட்டும், எதையும் தொடாது. மூல ஃபோல்டர் பெயருக்குப் பின் சாய்கோடு போட்டால் உள்ளிருப்பவை மட்டும் போகும், போடாவிட்டால் ஃபோல்டரே போகும். சினாலஜியிலிருந்து சினாலஜிக்கு என்றால் அவர்களின் மைக்ரேஷன் அசிஸ்டென்ட் அமைப்புகளையும் சேர்த்துக் கொண்டுவரும். ஆனால் இலக்குப் பெட்டியில் இருப்பதை அழித்துவிட்டுத்தான் தொடங்கும்.

தமிழ்ப் பெயர்கள் செய்யும் சேட்டை

ஆங்கிலத்தில் வரும் வழிகாட்டிகளில் இது இருக்காது, நமக்கு மட்டும் உள்ள தலைவலி.

நாஸில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், 'கி' என்பதில் இரண்டு குறியீடு, ஆக ஆறு பைட். சுமார் ஐம்பது எழுத்திலேயே எல்லை முடிந்துவிடும். விண்டோஸ் பைட்டை எண்ணாமல் வேறு கணக்கில் 255 வரை விடுவதால், "செவ்வாய்ப்பேட்டை மாரியம்மன் கோவில் ஆடித் திருவிழா" என்று தொடங்கி நாள், நட்சத்திரம், வந்தவர் பெயரெல்லாம் சேர்த்து எழுதிய பெயர்கள் அங்கே இருக்கும், நாஸுக்குப் போகும்போது தவறும். சினாலஜியில் ஃபோல்டரைப் பூட்டி என்கிரிப்ட் செய்யும் பழைய முறையில் எல்லை இன்னும் குறுகி 143 பைட்தான். நீளமான பெயர்களை முன்பே சுருக்குங்கள்.

அடுத்தது மேக் வைத்திருப்பவர்களுக்கு. 'கோ' என்பதை ஒரே ஓகாரக் குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று பிரித்தும் சேமிக்கலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறையில் உள்ள டிஸ்க் பிரித்துத்தான் வைக்கும். நாஸில் அதே பெயர் ஏற்கெனவே ஒரே குறியாக இருக்கும்போது, அந்த டிஸ்க்கை நாஸில் நேராகச் செருகியோ ஆர்சிங்கிலோ காப்பி எடுத்தால், "கோவில்" என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், கண்ணுக்கு ஒன்று போலவே. தேடினால் ஒன்றுதான் கிடைக்கும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் பெயர்களில்தான் இது நடக்கும். ஆர்சிங்கில் இதைச் சரிசெய்ய, எழுத்துக் குறியீட்டை மாற்றும் ஆப்ஷன் உண்டு. மேக்கில் டிஸ்க்கைச் செருகி, ஃபைண்டர் வழியாக நெட்வொர்க்கில் அனுப்புவது அதைவிடச் சுலபம்.

யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த பத்திரிகைகள், கணக்குகள் இருந்தால் அந்த எழுத்துரு ஃபைல்களையும் கூடவே காப்பி எடுத்து வையுங்கள். அது இல்லாமல் திறந்தால் குப்பையாகத் தெரியும்.

சரிபார்ப்பு

காப்பி முடிந்தது என்று திரை சொன்னால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. முதலில் எழுதி வைத்த தாளை எடுங்கள். ஃபைல் எண்ணிக்கை சரியா? சின்ன வித்தியாசம் வந்தால், விண்டோஸும் மேக்கும் நாஸும் தாங்களாகப் போட்டுவைக்கும் மறை ஃபைல்களாக இருக்கும். பெரிய வித்தியாசம் என்றால் பதிவு ஃபைலைத் திறந்து தவறியதைத் தேடுங்கள். பிறகு உள்ளடக்கத்தையே ஒப்பிடுங்கள். ஆர்சிங்கில் செக்சம் ஆப்ஷன், விண்டோஸில் ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருளின் உள்ளடக்க ஒப்பீடு ஆப்ஷன் இரண்டுமே ஒவ்வொரு ஃபைலையும் படித்து ஒப்பிடும். காப்பி எடுத்த அளவு நேரம் மறுபடி ஆகும், பரவாயில்லை. கடைசியாகக் கண்ணால் பாருங்கள். பழைய வீடியோ ஒன்று, பெரிய ஜிப் ஒன்று, பத்து வருடத்துக்கு முந்தைய படங்கள் சில.

வீட்டாரைப் புதியதுக்கு மாற்றுவது

ஒரு நாளைக் குறியுங்கள். அன்று பழைய நாஸைப் படிக்க மட்டும் என்று பூட்டி, இடையில் சேர்ந்ததை மட்டும் எடுக்க இன்னொரு முறை காப்பி ஓட்டுங்கள். பிறகு எல்லாரும் புதியதில். இரண்டும் ஓடும் காலத்தில் ஒரே பெயரோ ஒரே ஐபி முகவரியோ கொடுக்காதீர்கள். ரவுட்டரில் புதியதற்கு ஒரு ஐபியை ஒதுக்கி வைத்துவிட்டால் கரண்ட் போய் வந்தாலும் முகவரி மாறாது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் அணுகல் சாதாரணமாக வேலை செய்யாது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு போட்டுவிடுங்கள்.

வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட வேண்டாம். 2022 ஜனவரியில், தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் டெட்போல்ட் என்ற பணயத் தாக்குதல், இணையத்துக்கு நேராகத் திறந்திருந்த க்யூநாப் பெட்டிகளைத்தான் தேடிப் பூட்டியது. இணையம் வழியாகப் பூட்டிய தனிப் பாதை போடும், டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் போதும்.

மலைக்கு ஒரு பிரதி

சேலத்திலும் ஏற்காட்டிலும் வீடு உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பழைய நாஸை மேலே வைத்து, கீழிருப்பதன் பிரதியாக ஆக்கிவிடலாம். ஆனால் முதல் பிரதியை இணையம் வழியாக அனுப்பாதீர்கள். 20 மெகாபிட் அப்லோடில் 2 டெராபைட் போக ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். சேலத்திலேயே லேனில் எடுத்துவிட்டுப் பெட்டியை மேலே கொண்டுபோங்கள். அப்புறம் மாறியது மட்டும் விபிஎன் வழியாகப் போகும்.

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. பெட்டிக்குள் டிஸ்க்கோடு தூக்கிப்போகாதீர்கள். முறையாக அணைத்து, சுழற்சி நிற்க ஒரு நிமிடம் விட்டு, டிஸ்க்குகளைக் கழற்றி எண் போட்டு, ஒவ்வொன்றையும் ஆன்டிஸ்டாடிக் பையில் இட்டு, குமிழி உறையில் சுற்றி, முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் வையுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியோடு உருள விட வேண்டாம், பைக் கூடவே கூடாது. கீழே ஒரு பிரதி இருக்கும்போதுதான் இந்தப் பயணம். 1500 மீட்டர் உயரம் டிஸ்க்குக்கு ஒன்றும் செய்யாது, சாதாரணமாக 3000 மீட்டர் வரை ஓடும்படி செய்யப்பட்டவை. ஈரம்தான் எதிரி. மேலிருந்து குளிர்ந்த டிஸ்க்கைச் சேலத்து வெக்கைக்குக் கொண்டுவந்தால் அதன்மேல் நீர் பூக்கும். பையைப் பிரிக்காமல் சில மணி நேரம் அறை வெப்பத்துக்கு வர விட்டுப் பிறகு பவர் கொடுங்கள். ஏற்காட்டு வீட்டில் மழைச்சாரல் படும் வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் உள்ளறையில் வையுங்கள்.

பழைய டிஸ்க்குக்கு விடை கொடுக்கும் முன்

ஒரு மாதமாவது அப்படியே இருக்கட்டும். ஏதோ ஒரு ஃபோல்டர் விட்டுப்போனது அந்த மாதத்தில்தான் யாருக்காவது நினைவுக்கு வரும். பிறகு விற்பதானால், அழி என்று அழுத்துவதும் விரைவு ஃபார்மேட்டும் போதாது, தரவு உள்ளேயே இருக்கும். விண்டோஸில் முழு ஃபார்மேட் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதும், ஹார்டு டிஸ்க்குக்கு ஒருமுறை அது போதும். எஸ்எஸ்டி என்றால் தயாரிப்பாளரின் மென்பொருளில் உள்ள செக்யூர் எரேஸ். ஓடவே ஓடாத டிஸ்க் என்றால், அதை இரும்புக் கடையில் போடும் முன் பக்கத்து லேத் பட்டறையில் கொடுத்து, உள்ளே இருக்கும் தட்டுகளைத் துளைக்கும்படி இரண்டு மூன்று ஓட்டை போடச் சொல்லுங்கள்.